மரக்கடைக் கொல்லையில் கரையான் பண்ணை

உலகத்திலேயே கரையானுக்கு விருந்து வைத்து வளர்த்த ஒரே மனிதர் எங்கள் சொல்தாதான். அதுவும் எங்கே? ரெட்டியார்பாளையத்தில், ஒரு மரக்கடையின் கொல்லையில்!

எழுபதுகளில் மரக்கடை பாய் தன் கொல்லையில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்றில் நான், பக்கத்து அறையில் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். இவர் பாதியிலேயே திரும்பிவிட்டதால் பென்ஷன் கிடையாது. மிஞ்சியது ஒரு நீலக் கோட்டு. பிழைப்பு கோழி முட்டையில் ஓடியது.

கடைத் தீவனத்தை மனிதர் தொடமாட்டார். சாயங்காலம் பழைய மண்பானைகளில் காய்ந்த சாணி, வைக்கோல், கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, தரையில் கவிழ்த்து வைப்பார். விடிந்து தூக்கினால் பானை நிறையக் கரையான். கோழிகள் அவருக்கு முன்னாலேயே எழுந்து வரிசையில் நிற்கும். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் கோழிக்குப் பாதி, அவருக்குப் பாதி. ஒருநாள் பொரியோடு வறுத்து என் கையிலும் கொட்டினார். "பட்டாளத்துல இருந்தப்ப சைகோன்ல வெட்டுக்கிளியக் காசு குடுத்து வாங்கித் தின்னேன் சார். இது சும்மா கெடைக்குது." முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தின்றேன். இரண்டாவது பிடியை நானே கேட்டு வாங்கினேன்.

பாய்க்குத்தான் தூக்கம் போயிற்று. தேக்கு விற்கிறவர் கொல்லையில் கரையான் பண்ணையா என்று தெருவே சிரித்தது. பானைகளை உடை, இல்லாவிட்டால் அறையைக் காலி செய் என்று வந்து நின்றார். சொல்தா விறைப்பாக நிமிர்ந்தார்.

"என் கரையான் உங்க மரத்துல ஒண்ணத் தொட்டாலும் அன்னிக்கே காலி பண்ணிட்டுப் போறேன், பாய்."

போனால் அத்தனை கோழிகளோடு அவரை எவன் சேர்ப்பான்? அன்றிலிருந்து பாய் தினமும் காலையில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்ப்பார். தட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் ஆம்லெட்டும் அதே கரையானின் உபயம்தான். அதை அவரும் அறிவார்.

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினமான ஜூலை பதினாலு வந்தது. பழைய பட்டாளத்துக்காரர்களின் ஊர்வலத்துக்குப் போக நீலக் கோட்டை எடுக்கலாம் என்று சொல்தா தகரப் பெட்டியைத் திறந்தார். துருப்பிடித்த அடிப்பக்கம் வழியாக ஏறிய கரையான், கோட்டின் முதுகை முழுசாக முடித்திருந்தது. பாயிடம் எலி கடித்தது என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோட்டைக் கொல்லையில் உதறினார். கோழிகள் உதிர்ந்ததைப் பொறுக்கி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு நேராகக் கடைக்குப் போனார்.

"எலி இல்ல, பாய். என் கரையான்தான். சாயங்காலம் காலி பண்ணிட்றேன்."

இந்த வார்த்தைக்காகத்தானே பாய் இத்தனை நாள் காத்திருந்தார்? கோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரத்தத் தொட்டாதான போறேன்னீங்க? இது மரமா, சொல்தா? போங்க, ஊர்வலத்துக்கு நேரமாவுது."

போனார். முன்னால் பித்தான்கள் பளபளக்க, பின்னால் பனியன் தெரிய. விறைப்பு மட்டும் துளியும் குறையவில்லை.

திரும்பி வந்தபோது அறை வாசலில் இரண்டு தேக்குக் கட்டைகள் கிடந்தன. பெட்டியைத் தரையில் படாமல் தூக்கி வைக்க பாய் கொடுத்தனுப்பியவை. மறுநாளிலிருந்து சொல்தாவும் தினமும் காலையில் அவற்றைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்போது என் அலமாரியில் கரையான் ஏறினால் வீட்டில் மருந்தைத் தேடுகிறார்கள். நான் அந்த மனிதரைத் தேடுகிறேன்.