இலை மடக்காத பந்தி

"ஒரு வட்டத்திலேருந்து ஒரே அடையாளத்துக்கு ரெண்டு அம்பு புறப்பட்டா, உங்க யந்திரம் எந்தப் பக்கம் போகும் அத்தான்?" என்று அன்று, வள்ளிநாயகம் மணலில் வரைந்து காட்டிய வட்டங்களைப் பார்த்து அழகியநாயகி கேட்டாள்.

"அப்பிடிப் புறப்படாது. ஒரு நிலை, ஒரு அடையாளம், ஒரே வழி. யந்திரத்துக்கு ரெண்டு மனசு கெடையாது."

"புறப்பட்டா?"

"ரெண்டு வழியிலயும் போய்ப் பாக்கணும். எது கடைசி வட்டத்துல போய்ச் சேருதோ, அதுதான் சரி."

"மனுசரு எப்பிடி ஒரே நேரத்துல ரெண்டு வழியில போவாவ?"

வள்ளிநாயகம் அந்த வட்டங்களைக் குச்சியால் இன்னும் அழுத்தி வரைந்தான்.

"வேற ஏதாவது எங்கிட்ட கேக்கணுமா?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல."

இருந்தது. அவளைத் தனக்குக் கட்டித் தருவார்களா என்பதுதான் அது. தங்கை வடிவாம்பாளின் நிச்சயத்துக்குப் பூதப்பாண்டியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்த அன்றைக்கு அது வாய்வரை வந்து திரும்பிப் போனது. அழகியநாயகி மாப்பிள்ளையின் பெரியப்பா மகள். அவளிடம் கேட்பது கஷ்டமில்லை. அவளுடைய அப்பா தெய்வநாயகம் பிள்ளையிடம் கேட்பதுதான் கஷ்டம். கோபமானாலும் சந்தோஷமானாலும் அவருக்கு ஒரே முகம். உள்ளே எந்த வட்டத்தில் நிற்கிறார் என்று வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

இன்று தாழக்குடியில், வள்ளிநாயகத்தின் வீட்டுப் பந்தலில் கல்யாணம். தாலி கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரின் பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பந்தியின் தலைமாட்டில் தெய்வநாயகம் பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

நாகர்கோவில் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வள்ளிநாயகம், அமெரிக்காவில் யந்திர மூளை கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு சஞ்சிகையில் படித்திருந்தான். அந்த யந்திரத்துக்குப் பழையதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. இப்போது எந்த நிலையில் இருக்கிறது, என்ன அடையாளம் வருகிறது, இரண்டும் தெரிந்தால் அடுத்த நிலைக்கு நகர்ந்துவிடும். படித்த மாத்திரத்தில் அவனுக்குக் கல்யாணப் பந்திதான் நினைவுக்கு வந்தது. நாஞ்சில் நாட்டில் பிரதமன் பாயசம் கிடைக்காமல் எழுந்துபோன ஒருவருக்காக இரண்டு குடும்பங்கள் தலைமுறைக்கும் பேசாமல் இருந்திருக்கின்றன. தங்கை கல்யாணத்தில் அது நடக்கக்கூடாது.

அதனால் அரங்கு என்கிற உள்ளறையின் கதவில் சாக்பீஸால் வட்டமும் அம்புமாக வரைந்து, இலையில் விளம்பிப் பரிமாறுகிறவர்களைக் காலையிலேயே கூட்டி வைத்துப் பாடம் எடுத்துவிட்டான்.

"யாரு எதச் சாப்பிட்டான்னு நெனவுல வைக்காண்டாம். இலையப் பாத்தாப் போரும். புது இலைன்னா உப்பு, உப்பேரி, தொடுகறி. வெறுஞ்சோறு தெரிஞ்சா பருப்பும் நெய்யும். பழத்தோல் கெடந்தா பழம் பிசஞ்சு பிரதமன் குடிச்சாச்சு, ரசம் கொண்டு போங்க. இலை மடங்கினா முடிஞ்சுது. மடங்காத வரைக்கும் முடியல்ல."

"அப்பம்னா மூள வேண்டாம்னு சொல்லுதீரு" என்றார் சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை கோலப்பன்.

"மூளை இலையில இருக்கு."

"நல்லதாப் போச்சு. தின்னு முடிச்சதும் தூக்கி எருக்குழியில போட்டிரலாம்."

ஆனால் திட்டம் வேலை செய்தது. பருப்பு, சாம்பார், புளிசேரி, பிரதமன், ரசம், மோர் என்று பந்தி வாய்க்கால் தண்ணீர்போல ஓடியது. வள்ளிநாயகம் பந்தல்காலில் சாய்ந்து, கைகட்டி நின்று ரசித்தான்.

மோர் முடிந்தது. எல்லோரும் தலைமாட்டைப் பார்த்தார்கள். மூத்தவர் இலை மடக்கி எழுந்த பிறகுதான் மற்றவர்கள் மடக்க வேண்டும். மூத்தவர் மடக்கவில்லை. துடைத்தாற்போலிருந்த இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வள்ளிநாயகத்தோடு வேலை பார்க்கிற செல்வதாஸ், சோற்றுப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு வந்தான். "பெரியவரு எழும்பல்லியே. இதுக்கு உம்ம கதவுல அம்பு இல்ல."

"இலை மடங்கல்லன்னா வயிறு நெறயல்ல. இதுல என்ன சந்தேகம்?" வள்ளிநாயகம் போய், மோர் வட்டத்திலிருந்து சோற்று வட்டத்துக்கு ஒரு புது அம்பு வரைந்துவிட்டு வந்தான். "மோர் முடிஞ்சும் இலை திறந்திருந்தா, திரும்பச் சோறு."

பந்தியில் அத்தனை இலையும் திறந்துதான் இருந்தது. மூத்தவர் மடக்காமல் யார் மடக்குவது? விளம்புகிறவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சோறு விழுந்தது.

"என்ன வே, திரும்பவும் சோறா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஆறுமுகப்பெருமாள் இலைமேல் இரண்டு கையையும் விரித்தார்.

"இலை திறந்திருக்குல்லா அண்ணாச்சி" என்று, விரலிடுக்கு வழியாகச் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தான் செல்வதாஸ்.

விளம்பியதை மிச்சம் வைப்பது மரியாதையில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெருமூச்சோடு பிசைந்தார்கள். தெய்வநாயகம் பிள்ளையும் சாப்பிட்டார். இலை மடங்கவில்லை.

"தப்பு அம்புல இல்ல. எல்லாருக்கும் போட்டதுதான் தப்பு" என்று வள்ளிநாயகம் உறுதியாகச் சொன்னான். "பெரியவருக்கு மட்டும் கொண்டு போங்க. பிரதமன் ரெண்டு கரண்டி."

அந்த இரண்டு கரண்டியை ஆறுமுகப்பெருமாள் பார்த்துவிட்டார்.

"ஓகோ. மூத்தவருக்குத்தான் ரெண்டாம் பிரதமனா? நாங்க என்ன, வழியில போனவியளா?"

வள்ளிநாயகம் பதறவில்லை. எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டான். சாப்பிட முடியாதவர்களும், சம்பந்தி வீட்டில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதற்காக வாங்கிக் குடித்தார்கள். பந்தலுக்கு வெளியே அடுத்த பந்திக்குக் காத்திருந்த தாழக்குடிக்காரர்களின் காதில், பிரதமன் காய்ச்சிய உருளிப் பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் விழுந்தது.

"ஏ, நமக்குப் பிரதமன் உண்டா, இல்ல சத்தம் மட்டுந்தானா?" என்று யாரோ கேட்டார்கள்.

கோலப்பன் கரண்டியும் கையுமாக வந்து நின்றார். "வாத்தியாரே, இன்னொரு சுத்து விட்டேருன்னா நான் உருளியக் கழுவித்தான் ஊத்தணும்."

"ஊத்தாண்டாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. ரசமும் பிரதமனும் கலந்து இலை அசிங்கமா இருக்கு. பெரிய மனுசரு, எப்பிடிக் கையால தொட்டு மடக்குவாரு? அவருக்கு மட்டும் வேற இலை போடுங்க."

தெய்வநாயகம் பிள்ளை இடது கையைத் தரையில் ஊன்றினார். ஒரு நொடி அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழைய இலையை எடுக்க இடம் கொடுக்கிறார் என்று வள்ளிநாயகம் மகிழ்ந்தான். புது இலை வந்தது. தண்ணீர் தெளித்தார்கள்.

புது இலை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று விளம்புகிறவர்களுக்குக் காலையிலேயே தெரியும். உப்பு வந்தது. உப்பேரி வந்தது. பச்சடி, அவியல், எரிசேரி எல்லாம் வரிசையாக வந்தன. தெய்வநாயகம் பிள்ளை உப்பைப் பார்த்தார். உப்பேரியைப் பார்த்தார். சாமி கும்பிடுகிறவர்போல ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, சாப்பிடத் தொடங்கினார்.

பெண்கள் நின்ற வாசல் பக்கத்திலிருந்து அழகியநாயகி விறுவிறுவென்று வந்தாள்.

"எங்க அப்பாவ என்ன செய்யுதிய அத்தான்? வீட்டுல ராத்திரி ரெண்டு தோசைக்கு மேல தின்னமாட்டாவ."

"இலை மடங்கல்ல நாயகி. பசி."

"மடங்கல்லன்னா பசி மட்டுந்தானா? வேற காரணமே இருக்கக்கூடாதா? உங்க கதவுல எடமில்லன்னா எங்க அப்பா வயித்துலயா வரையணும்?"

வள்ளிநாயகத்துக்கு உச்சந்தலையில் குட்டினாற்போல இருந்தது. சரிதான். வெளியே தெரிகிற அடையாளம் ஒன்று, அதற்குள்ளே வழி இரண்டு. ஒரு வழியில் கடைசிவரை போயாகிவிட்டது. உருளியின் அடி தெரிகிற வரைக்கும் போயாகிவிட்டது. பசி இல்லை. அப்படியானால் மிச்சமிருப்பது பிணக்கம்.

பிணக்கம் என்றால் எதற்கு? அம்மா நாகம்மை அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்.

"ஏலே, பந்தியில ஒரு மனுசன் இலைய மடக்காம இருக்காருன்னா எதையோ எதிர்பாக்காருன்னு அர்த்தம். நிச்சயத்தன்னைக்கு நீயும் அந்தப் புள்ளையும் மணல்ல வட்டம் போட்டுட்டு இருந்தத அங்க பாக்காத ஆளில்ல. நீ வந்து கேப்பேன்னு அவரு இருக்காரு. நீ என்னன்னா அவியல் விளம்புத."

"நெசமாவா?"

"பின்ன? இப்பம் அவரு மூஞ்சியத் தூக்கிட்டு எழும்பிப் போனா, நாளைக்கு வடிவு எந்த முகத்தோட அந்த வீட்டுப் படி ஏறுவா? உனக்கும் ஒண்ணும் கெடைக்காது. போ மக்கா."

அழகியநாயகி அதைக் கேட்காதவள்போலத் தோரணத்துக் குருத்தோலையை எண்ணத் தொடங்கினாள். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வள்ளிநாயகம் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. கணக்கு இவ்வளவு தெளிவாக வந்த பிறகு பயம் எதற்கு? நேராகப் பந்தியின் தலைமாட்டுக்கு நடந்தான். பருப்பு வாளியோடு நின்ற செல்வதாஸை விலக்கினான். தெய்வநாயகம் பிள்ளையின் இலைக்கு எதிரே குனிந்து, பந்தல் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னான்:

"மாமா, நீங்க எதுக்கு எழும்பாம இருக்கியன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மொதல்லயே வந்து கேட்டிருக்கணும். அழகியநாயகிய எனக்குக் கட்டித் தாருங்க."

ஆறுமுகப்பெருமாள் பிரதமன் கையோடு திரும்பிப் பார்த்தார். வாசலில் வளையல் சத்தம் கேட்டு அடங்கியது. அடுத்த பந்திக்காரர்கள் பந்தல் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தார்கள்.

தெய்வநாயகம் பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று அசைந்தது. உதடு துடித்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. வெகுநேரமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத் தயாராகிறவர்போல மூச்சை இழுத்துவிட்டு, இடது கையை அவன் பக்கமாக நீட்டினார்.

"பொண்ணத் தாறேன் மக்கா. மொதல்ல உன் கையக் குடுத்து என்னத் தூக்கி விடு, மொதச் சுத்துப் பருப்பு விளம்பும்போதே எனக்கு ரெண்டு காலும் மரத்துப்போச்சு."