சுருதி சேராத கோபக்கார யானைகள்

மேடையில் ஒரு பாட்டுக்கூட வாசிக்காமல் இசைக்குழு நடத்தியவன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் சுருதி. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் எங்கள் ஊரான காஜா பேராங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைச் சொல்லித் திட்டியதில்லை. திட்டும்போதுகூட சுருதிதான்.

மலாயா சுதந்திரம் வாங்கியபோது எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர்ப் பெயருக்கு மலாயில் மூர்க்கமான யானை என்று பொருள் வரும். அதனால் குழுவுக்குக் கோபக்கார யானைகள் என்று பெயர் வைத்தோம். நானும் சுருதியும் கித்தார். மளிகைக்கடை ஹமீதுக்குப் பிஸ்கட் டின்தான் டிரம். வீட்டில் மலாய் பேசும் மலாக்கா சிட்டி இனத்து நாதன் தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கட்டையை நட்டு, கயிறு கட்டி, டும் டும் என்று இழுப்பான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கித்தாரில் மூன்று கார்டு, தலைதெறிக்கும் வேகம், தொண்டை கிழியும் கத்தல். இதற்குச் சுருதி ஒரு கேடா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"ஊரு சிரிக்கும்லா மச்சான்," என்பான்.

கோயில் பஜனைக் கூடத்தில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. அதில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டை எழுப்புகிற ஒலிதான் உலகத்திலேயே சுத்தமானது என்பது அவன் கட்சி. பெட்டியை இரவல் கேட்டதற்குக் கோயில் தலைவர், "வெள்ளைக்காரன் கூத்துக்கு அம்மன் பெட்டியா?" என்று விரட்டிவிட்டார். ஆகவே சுருதி சைக்கிளில் கோயிலுக்குப் போவான். கட்டையை அழுத்துவான். அந்த ஒலியை வாயில் பிடித்துக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்று முனகியபடியே நாங்கள் வாசித்துப் பழகும் நாதன் வீட்டுக் கொல்லைக்கு வருவான். மூச்சு வாங்க வேண்டியிருந்தால், ஒலி ஓடிவிடாதபடி ஒரு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான்.

"கித்தாரையே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் சேத்துட்டு வந்தா என்னடா?"

"வெயில்ல கம்பி இறங்கிடும்லா. வாய் இறங்காது."

வழியில் யாரோடும் பேசக்கூடாது. பேசினால் சுருதி போய்விடும், மறுபடியும் கோயில். இது தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? குழாயடியில் நிற்கும் அக்காமார்கள் வேண்டுமென்றே, "பசியாறிட்டியா தம்பி?" என்பார்கள். மரியாதை தெரிந்து வளர்ந்த பயல், "ஆச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளைத் திருப்புவான். முடிவெட்டுகிறவர் கத்தரியோடு வெளியே வந்து நலம் விசாரிப்பார். அவன் கடைசியாக வந்து சேரும்போது ஹமீது கடைக்குப் போயிருப்பான். "பெசோக் லா," நாளைக்குப் பார்ப்போம் என்று நாதன் கயிற்றைச் சுருட்டியிருப்பான்.

சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பண்டார் ஹிலிர் திடலில் மேடை போட்டார்கள். எப்படியோ எங்களுக்கும் இடம் கிடைத்தது. நடன விடுதி வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். வாசிப்பது பிடித்தால் சனிக்கிழமைதோறும் எங்களை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். என் அப்பா ரப்பர் கடையில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். "தவுக்கே எடுத்துக்கிட்டா நீ பாடிக்கோ. இல்லன்னா திங்கக்கெழம கடைக்கு வந்துரு," என்று முடித்துவிட்டார். என் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு முன்னால் ரொங்கெங் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சுருதி தன் கித்தாரைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தான். "இறங்கிடுச்சு மச்சான். அஞ்சு நிமிசம்," என்று சைக்கிளில் ஏறினான். போகிறவன் சும்மா போனானா? என் கித்தார்க் கம்பிகளையும் தொளதொளவென்று தளர்த்திவிட்டுப் போனான். நான் அவசரக்குடுக்கையாம், அவன் வருவதற்குள் ஆரம்பித்துவிடுவேனாம். எனக்கு அப்போது சுருதி சேர்க்கத் தெரியாது. அதை எவனையும் அவன் தொடவிட்டதில்லை.

காஜா பேராங்கிலிருந்து திடல் வரை அன்றைக்குத் தெரு கொள்ளாத ஜனம். ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் இல்லை, நல விசாரிப்பு இல்லை. கையை உயர்த்தி விடுதலை என்று மலாயில் ஒரே ஒரு சொல்தான்: "மெர்டேக்கா!" பதிலுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும்.

சுருதி சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பிக் கோயிலுக்குப் போனான். மறுபடியும் முனகிக்கொண்டு வந்தான், மறுபடியும் சொன்னான். மேடையில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு முறை கூப்பிட்டார்கள். "மானா டியா?" எங்கே அவன் என்று நாதன் அழாத குறையாகக் கேட்டான். ரொங்கெங்காரர்களையே திரும்ப ஆடச் சொன்னார்கள். தவுக்கே எழுந்து குடையை விரித்துக்கொண்டு போனார்.

சுருதி வந்தபோது மேடையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "வாயை மூடிக்கிட்டு வரத் தெரியாதாடா ஒனக்கு?"

"திரும்பத் திரும்ப வந்தேன்லா. திடல் கிட்டயே வந்துட்டேன். ஒரு கெழவர்டா. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயிலு போடப் போயி ஒத்தக் காலோட வந்தவரு. கட்டையை ஊணிக்கிட்டு, ஒரு கைய தூக்கி மெர்டேக்கா தம்பிங்கிறாரு. வாயை மூடிக்கிட்டு வரச் சொல்றியா?"

வரச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். திங்கட்கிழமை ரப்பர் கடைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் கிடந்தேன். அந்த வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. வைராக்கியத்தில் நானே சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டேன், கேட்கத்தான் ஆள் இல்லை. நாடே விடுதலை வாங்கிய நாளில் நான் மாட்டிக்கொண்டேன் என்றால் அதற்கு அவன் ஒருவன்தான் காரணம்.

போன வருஷம், பக்கவாதம் வந்து அவன் உஜோங் பாசிரில் மகள் வீட்டில் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஒழுங்காகச் சுருதி சேர்த்த கித்தாரோடு போய், அவன் கண்ணெதிரே ஒரு பாட்டை முழுசாக வாசித்து முகத்தில் கரியைப் பூசிவிட்டு வரத்தான் போனேன்.

கம்பியில் விரல் வைத்ததுமே அவன் கையைத் தூக்கித் தடுத்தான். கோணிய வாயைத் திறந்து, "ம்ம்ம்ம்" என்றான்.

"பேச்சு சுத்தமா வரல மாமா. இது ஒண்ணுதான் வருது. ஏன்னே தெரியல," என்றாள் மகள்.

எனக்குத் தெரிந்தது. அது அந்தக் கோயில் ஆர்மோனியக் கட்டைதான். ஆனால் நன்றாகவே இறங்கியிருந்தது. இறங்காது என்றானே, அந்த வாய் இறங்கிவிட்டிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், விரல் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி.

"சரியா இருக்குடா," என்றேன். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அவன் சுருதிக்குச் சேர்த்தேன்.