வந்து சேரவில்லை என்று எழுதிய அத்தானுக்கு

சிவமயம்

ஸ்ரீவைகுண்டம்,
18.7.1993

மேன்மை தங்கிய அத்தான் ஆவுடைநாயகம் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் குற்றாலலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் வேணியும் சுகம். அங்கு தாங்களும் பிரம்மநாயகி அக்காளும் மருமகள் சித்ரலேகாவும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று பெரியவர்கள் வைத்துவிட்டதால் கேட்கிறேன். நாக்பூரில் வெயில் எப்படி என்றும் கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் விளம்பரம் கொடுக்கிற வாரப் பத்திரிகையின் ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. "நாக்பூர் வாசகர் திரு. ஆவுடைநாயகம், சென்ற ஆண்டு பணம் அனுப்பியும் 'வேணி வத்தல் வடகம்' பார்சல் வந்து சேரவில்லை என்று எழுதியிருக்கிறார். எனவே தங்கள் விளம்பரத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். கிடைத்துவிட்டது என்று அவரே எழுதினால் மறுபடியும் வெளியிடுவோம்" என்கிறார். வாசகராம்! அக்காளைத் தங்களுக்குத் தாரை வார்த்துக் கொடுத்த அன்று, தங்கள் காலைக் கழுவத் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தச் சொம்பு பிடித்தவனுக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டால் தங்கள் கை தேய்ந்தா போய்விடும்? ஊர் பேர் தெரியாத ஆசிரியருக்கு எழுதத் தெரிந்த தங்களுக்கு என் விலாசம்தானா மறந்துபோயிற்று?

தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்று இந்தத் தொழிலில் இறங்கியவன் நான். மணியார்டர் வந்ததும் துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்துப் பார்சலாக அனுப்பிவிடுவேன். வரவில்லை என்கிறவர்கள் உடனே எழுதினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவர்களோ வடகமெல்லாம் தீரும் மட்டும் காத்திருந்து, தீபாவளி பொங்கலெல்லாம் கொண்டாடி முடித்துவிட்டு, சாவகாசமாக எழுதுகிறார்கள். ஈரோட்டில் ஒருவர், பார்சல் வரவேயில்லை என்று ஒரு பக்கமும், சுண்டைக்காய் வத்தலில் உப்பு ரொம்பக் கூடுதல் என்று மறுபக்கமும் எழுதியிருந்தார். திருச்சியில் ஒரு அம்மாள், வராத பார்சலுக்குப் பதிலாக வேறு அனுப்பச் சொல்லி, நான் அனுப்பிய டப்பாவையே காலியாகத் திருப்பி அனுப்பியிருந்தாள். பத்திரிகையில் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று அத்தனை பேருக்கும் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் அனுப்பினேன். தபாலாபீஸில் போய் விசாரித்தால் போஸ்ட்மாஸ்டர் கிருபைராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, போட்ட சூட்டோட வந்து சொன்னா தேடலாம். ஒரு வருஷம் கழிச்சு வந்து கேட்டா நான் எங்கன போய்த் தேட? ரசீதாவது இருக்கா?" என்கிறார். போன கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, கம்பியில் குத்தி வைத்திருந்த ரசீதெல்லாம் கூழாகிவிட்டது. அதையும் வடகமாகப் பிழிந்து காயவைத்திருக்கலாம் போலிருந்தது.

அவர்களெல்லாம் அந்நியர்கள், போகட்டும். தங்கள் பார்சலை நான் மறப்பேனா? என் கையால் தைத்தேன், என் கையால் அரக்கு வைத்தேன். அதைத் தபாலாபீஸுக்கு எடுத்துப் போகக் கூலிப் பையன் சங்கிலிபூதத்தான் சைக்கிளோடு வருகிற நேரத்தில்தான், தங்கள் தாயார் நாங்குநேரியில் காலமாகிவிட்டார்கள் என்று தந்தி வந்தது. வேணியிடம், "அவன் வந்தா பார்சலக் குடுத்து விடு" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினேன். நான் ஒன்று சொல்லி அது இந்த வீட்டில் நடக்காமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. பார்சல் அன்றைக்கே புறப்பட்டுவிட்டது என்பதற்கு நானே சாட்சி. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் தங்கள் பக்கத்திலேயே இருந்தேன். நீங்கள் நாக்பூர் திரும்பிய பிறகும் எத்தனையோ கடிதம் எழுதினேன். ஒரு தடவையாவது "வடகம் வந்துதா அத்தான்?" என்று கேட்டேனா? துட்டி வீட்டில் அதைக் கேட்பார்களா? தாங்களும் கேட்கவில்லை. தாயார் போன வருஷத்தில் வடகத்தைப் பற்றிப் பேசினால் நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்று தாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அதையெல்லாம் நான் மரியாதை என்றே நினைத்திருந்தேன். தலைத்திவசம் முடிந்த கையோடு, எள்ளும் தண்ணீரும் விட்ட ஈரம் காயுமுன்னே பேனாவை எடுத்துப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறீர்களே, இதற்கு என்ன பெயர் அத்தான்?

என் நிலைமையைக் கேளுங்கள். விளம்பரம் நின்றதிலிருந்து தபால்காரர் எங்கள் வீட்டைப் பார்க்காமலே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார். இந்த வருஷத்துக்கு என்று பிழிந்து காயவைத்த வடகம் அறை முழுக்க அடைந்து கிடக்கிறது. எலி மட்டும்தான் தவறாமல் வந்து போகிறது, அதுவும் மணியார்டர் அனுப்பாமல். ஏன் விளம்பரம் வரவில்லை என்று வேணி கேட்டால், பத்திரிகையில் இடமில்லையாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் அக்காள் வீட்டுக்காரரே என்னை ஏமாற்றுக்காரன் என்று எழுதிவிட்டார் என்பதை எந்த வாயால் அவளிடம் சொல்ல? முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்து ஒருவர் சொல்லையும் வாங்காதவன், இன்றைக்கு ஒரு வடகத்தில் சொல் வாங்கினேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது அத்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ஆகவே, பார்சல் வந்து சேர்ந்தது என்று தாங்கள் அந்த ஆசிரியருக்கு எழுத வேண்டும். அது அச்சில் வருகிற வரைக்கும் ஆவணியில் நடக்கிற சித்ரலேகா கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். தாய்மாமன் இல்லாமல் மணமேடையில் அவளுக்கு மாலை போடுவது யார் என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், வடகம் வரவில்லை, அதனால் மாமனும் வரவில்லை என்று பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் செய்கிறேன்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். இதில் உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். சித்ரலேகாவுக்கு நெல்லையப்பர் அருளால் எல்லா நலமும் உண்டாகட்டும். கீழே நாலு வரி விசாரித்து எழுத வேணிக்கு இடம் விட்டிருக்கிறேன். மேலே உள்ளதைப் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என் சொல்லை மீறுகிறவள் இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்,
குற்றாலலிங்கம்

பி.கு. அண்ணாச்சிக்கு வேணி எழுதுதேன். படிக்கக் கூடாதுன்னு இவுக சொன்னதுனாலேயே முழுசும் படிச்சுட்டேன். ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காவ, வாரதுக்குள்ள எழுதி ஒட்டணும். அண்ணாச்சி, அந்தப் பார்சல் இந்த வீட்டு வாசலைத் தாண்டல. தந்தி வந்த பொறவு சங்கிலிபூதத்தான் வந்து கேட்டான். துட்டி விழுந்த வீட்டுக்கு யாராவது வடகம் அனுப்புவாங்களாலேன்னு அவனைச் சத்தம் போட்டு அனுப்பிட்டு, பார்சலைத் தூக்கிப் பரண் தட்டுல வச்சுட்டேன். தீட்டு கழியட்டும், அனுப்பலாம்னு இருந்தேன். பொறவு தலைத்திவசம் கழியட்டும்னு இருந்தேன். துட்டி சமாச்சாரத்தோட வடகத்தையும் சேத்துப் பேச நாக்கு வரல, அதனால இவுகட்டயும் சொல்லல. இப்ப இறக்கிப் பாத்தா வண்டு விழுந்து மாவா உதிருது. நீங்க எழுதுனது அத்தனையும் நெசம்.

இதை இவுகட்ட சொன்னா என்னைத் திட்ட மாட்டாவ. திட்டுனாலும் தேவலை. அத்தானை இப்பிடி எழுதிட்டோமேன்னு உங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு, கல்யாணத்துக்கு வராமலே இருந்துருவாவ. கோவத்துல இருந்தா எப்பிடியாவது பேசி ரயிலேத்திருவேன். வெக்கப்பட்டு உக்காந்துட்டா என்னால எழுப்ப முடியாது. அதனால பார்சல் வந்துட்டு, நாந்தான் கவனிக்காம எழுதிட்டேன்னு பத்திரிகைக்கு நீங்களே ஒரு வரி போட்டுருங்க அண்ணாச்சி. பந்தல்ல வச்சு நாலு பேர் முன்னால உங்களை ஏதாவது சொல்லத்தான் செய்வாவ. பிள்ளைக்காகப் பொறுத்துக்கிடுங்க. புது வடகம் என் பெட்டிக்குள்ள கொண்டாருதேன். மதினிகிட்ட பைய குடுக்கேன். பந்தியில மட்டும் வச்சுராதீங்க.