மேரி மிஸ்ஸின் முறைப்பு

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் முன்னால் நின்றுகொண்டு செல்வமேரி டீச்சர் முறைத்தாள். முறைத்தாளே தவிர, முறைப்பு வெளியே வரவில்லை.

உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோபம் வழக்கம்போல அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, கண் வரைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் அதற்கு வழியில்லை. நெற்றி, துடைத்துவைத்த கரும்பலகையாகக் கிடந்தது. கடைசி பெஞ்சில் யாரோ பிள்ளையார் ஊர்வலத்து டோல் மேளத்தின் அடியைப் பலகையில் தட்டிப் பார்த்தார்கள். பக்கத்து பெஞ்சு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கணக்கு நோட்டுகள் மேலே பறந்தன.

அவளுடைய வகுப்பில் இப்படி ஒரு சத்தத்தை அந்தப் பள்ளிக்கூடம் கேட்டதே கிடையாது.

வேலூரிலிருந்து கல்யாணமாகி புனேவுக்கு வந்த புதிதில் செல்வமேரிக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஆங்கிலம் தெரியும், ஆனால் அது வேலூர் மண்ணோடு வந்த ஆங்கிலம். வானவடியில் ராணுவ வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. முதல் நாள் முக்கோணத்தைப் பற்றி அவள் வாயைத் திறந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவமானத்தில் புருவத்தை நெரித்து, கண்ணைச் சுருக்கி, பேசாமல் நின்றாள். நெற்றியில் குறுக்கே மூன்று கோடு, நடுவே நெடுக்காக இரண்டு கோடு. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக அடங்கி, கடைசியில் மின்விசிறியின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

இந்த ஊரில் தனக்கு வாய்த்த பாஷை நெற்றியில்தான் இருக்கிறது என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துபோயிற்று. அதன் பிறகு அவள் பிரம்பைத் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. வகுப்புக்குள் நுழைந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். பிள்ளைகள் பெஞ்சை இழுக்காமல் தூக்கி நகர்த்துவார்கள். ரோட்டுப் பக்கத்து ஜன்னலை யாரும் சொல்லாமலே எழுந்து சாத்துவார்கள். சந்தேகம் கேட்பதைக்கூடக் கிசுகிசுத்துக் கேட்பார்கள். மற்ற டீச்சர்கள் பொறாமையில் வெந்தார்கள்.

பயம் மட்டுமல்ல, மரியாதையும் இருந்தது. ஆசிரியர் தினத்தன்று மற்றவர்களுக்குப் பூவும் பேனாவும் வரும். செல்வமேரிக்குப் பூவோடு தைலக் குப்பிகளும் வரும். கணக்கு டீச்சருக்கு இந்த ஊரில் இது ஒரு சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஆரோக்கியசாமியின் முழங்கால் வலிக்கு வருஷம் முழுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

இப்படி ராஜ்யம் நடத்தியவள் ஏன் நெற்றிக் கோட்டை அழிக்க ஊசி போட்டுக்கொள்ளப் போனாள் என்றால், சூப்பர்வைசர் பதவிக்காக. பிரின்சிபாலுக்கு அடுத்த நாற்காலி, தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. செல்வமேரிக்கு அது வேண்டும், ரொம்பவும் வேண்டும். முதல் நாள் சிரிப்பு அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை. அந்த அறையில் போய் உட்கார்ந்தால்தான் அது நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக் கமிட்டிச் செயலாளர், ஓய்வு பெற்ற கர்னல் ராகவேந்திரா, கோடை விடுமுறைக்கு முன்னாலேயே அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். வகுப்பை அடக்குவதில் மேடத்தை மிஞ்ச ஆளில்லை, ஆனால் ஓப்பன் டேயில் பெற்றோர்கள் மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மார்க்கைக் கேட்கவே பயப்படுகிறார்கள், சூப்பர்வைசர் என்றால் முகம் கொஞ்சம் சாந்தமாக இருக்க வேண்டாமா என்று இங்கிதமாகத்தான் கேட்டார். இங்கிதமாகக் கேட்டதால்தான் அது முள்ளாகத் தைத்தது.

அன்றைக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"என் மூஞ்சி எப்படிங்க இருக்கு?"

"எனக்குப் பழகிடுச்சு மேரி," என்றான் ஆரோக்கியசாமி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வானவடியில் புதிதாகத் திறந்திருந்த தோல் கிளினிக்கில் டாக்டர் தேஜஸ்வினி, இஸ்திரி போட்ட நெற்றியோடு அவளை வரவேற்றாள். சின்னச் சின்ன ஊசிதான், எறும்பு கடித்தாற்போல இருக்கும், நெற்றி குழந்தை நெற்றியாகிவிடும் என்றாள். எறும்பு விஷயத்தில் அவள் சொன்னது பொய்யில்லை.

ஒரு வாரத்தில் கோடுகள் ஓடிப்போயின. கூடவே இடது புருவத்தின் வால் மட்டும் தனியாக மேலே எழும்பி நின்றுவிட்டது. யார் என்ன சொன்னாலும் "அப்படியா, நிஜமாவா?" என்று கேட்கிற முகம்.

முதலில் பலியானவன் ஆரோக்கியசாமி. சாப்பிட உட்கார்ந்தவன் அவளைப் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

"சரி, ஒத்துக்கறேன். கேன்டீன்ல தினம் வடா பாவ் சாப்பிடறேன். சுகர் இருக்குன்னு தெரிஞ்சும்தான் சாப்பிடறேன்."

"நான் ஒண்ணுமே கேக்கலையே."

"அப்ப எதுக்குப் புருவத்தைத் தூக்கற?"

பள்ளிக்கூடத்தில் நிலைமை அதைவிட மோசம். விடுமுறை முடிந்த முதல் நாள் வகுப்பு அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் ஒருத்தி சத்தமாகச் சிரித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஜன்னலை யாரும் சாத்தவில்லை, பெஞ்சுகள் தாராளமாக இழுபட்டன. அந்த வாரக் கடைசியில் டோல் வந்துவிட்டது.

செல்வமேரி கிளினிக்குக்கு ஓடினாள். அந்தப் புருவத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகிவிடும், இன்னும் ஒரே ஒரு ஊசி என்றாள் டாக்டர். அதையும் போட்டுக்கொண்டாள். இறங்கச் சொன்ன புருவம் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. கண் இமை மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அவள் முகம் அப்போதுதான் தூங்கி எழுந்தது போலவும், மறுபடி தூங்கப் போவது போலவும் இருந்தது. பிரின்சிபால் அவளைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார். போட்டதை எடுக்க மருந்து கிடையாது, நாலைந்து மாதத்தில் தானாகச் சரியாகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டாள். கமிட்டியோ தீபாவளிக்குள் முடிவெடுக்கப் போகிறது.

வேறு வழி தெரியாமல் ஒரு நாள் காலையில் புருவப் பென்சிலை எடுத்தாள். காசு கொடுத்து அழித்த கோடுகளைத் தன் கையாலேயே, குறுக்கே மூன்றும் நெடுக்கே இரண்டுமாக, அளந்து வரைந்துகொண்டாள். கணக்கு டீச்சர் என்பதால் கோடுகள் நேராக விழுந்தன. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மழைத் தூறலில் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று கோடு ஒரு கோடாகி, மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து கைக்குட்டையை நீட்டினாள். வகுப்பு கைதட்டியது.

பிறகு கத்திப் பார்த்தாள். பழக்கமில்லாத தொண்டை, இரண்டே நாளில் கட்டிக்கொண்டது. நெற்றியும் போய், குரலும் போய், சாக்பீஸோடு நிற்கிற ஒரு பொம்பளையாக அவள் மிச்சமிருந்தாள். ராத்திரி படுத்தால் முதல் நாள் சிரிப்பு காதுக்குள் திரும்பக் கேட்க ஆரம்பித்திருந்தது.

ஆசிரியர் தினம் வந்தது. மேஜை நிறைய பலூன். கரும்பலகையில் பெரிதாக ஒரு சிரித்த முகம், கீழே "மேரி மிஸ்" என்று எழுதியிருந்தது. ஒரு தைலக் குப்பிகூட இல்லை. பூக்களை விலக்கி விலக்கித் தேடினாள். அந்தக் கடைசி மரியாதையும் போய்விட்டதென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் கர்னல் ராகவேந்திரா எல்லா வகுப்புக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் அவர் நின்றபோது இரண்டு பையன்கள் பெஞ்சு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் பெஞ்சுப் பலகையைத் தட்டிப் பிளந்துகொண்டிருந்தார்கள், செல்வமேரி அரைத்தூக்க முகத்தோடு நடுவில் நின்றாள். அவர் அப்படியே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். மாலையில் அவளை அழைத்து, ஹிந்தி வாத்தியாரை சூப்பர்வைசராகப் போடுவதாக முடிவாகிவிட்டது என்றார். மேடத்தின் முகம் இப்போது நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

பள்ளி விட்ட பிறகு செல்வமேரி காலி வகுப்பில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக இந்த ஊரில் தனக்கென்று இருந்த ஒரே சொத்தை, தானே வலியப் போய், தன் காசைக் கொடுத்துத் தொலைத்துவிட்டாள். அழுகை வந்தது. முகம் அதற்கும் ஒத்துழைக்கவில்லை. கண்ணீர் மட்டும் யாருடையதோ போல வழிந்துகொண்டிருந்தது.

தண்ணீர் பாட்டில் மறந்துவிட்டதென்று ஜெனிபர் திரும்பி வந்தாள். ஏரவாடாவிலிருந்து வரும் தமிழ்ப் பெண். வகுப்பில் ஆங்கிலம்தான் பேசுவாள், தமிழில் பேசச் சொன்னால் நெளிவாள். வாசலிலேயே நின்று டீச்சரைப் பார்த்தவள், பையைத் துழாவி, பழைய தைலக் குப்பி ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"மிஸ், திரும்ப வந்துடுச்சா?" என்று தமிழில் கேட்டாள்.

"என்னது?"

"தல நோவு."

"எனக்கு எப்பம்மா தலைவலி இருந்திச்சு?"

ஜெனிபர் விழித்தாள். சொல்லலாமா கூடாதா என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னாள்:

"எங்க சூர்யா அண்ணா உங்ககிட்ட படிச்சப்பவே சொன்னான் மிஸ், மேரி மிஸ்ஸுக்கு எப்பவும் தல நோவு, பாவம், யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு... இந்த வருஷம் நோவு போயிடுச்சுன்னுதானே நாங்க எல்லாம் டோல் அடிச்சோம்."