பற்காரை அகற்ற அனுமதி கோருதல் தொடர்பாக

அரசு ஊழியர் என்றால் அங்க அடையாளம் இரண்டு இருந்தாக வேண்டும். விண்ணப்பப் பிரிவு எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த மருத்துவருக்குத் தோளில் ஒரு மச்சத்துக்கு மேல் எதுவும் தேறவில்லை. காத்திருந்த அலுப்பில் எழுத்தர் கொட்டாவி விட்டார். மருத்துவர் முகம் மலர்ந்தது. ‘கீழ் முன்பற்கள் நான்கின் உட்புறம் கறுத்த காரை’ என்று பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டது.

இருபத்திரண்டு வருடம் அந்தக் காரையை எழுத்தர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். இப்போது பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. நான்கு பல்லும் ஆட்டம் கண்டிருந்தன. மனைவி கையோடு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“முதல்ல வழவழன்னு படலமாத்தான் இருக்கும்மா,” என்று டாக்டரம்மா மனைவியிடம் விளக்கினார். “அன்னன்னிக்குத் தேய்ச்சா போயிடும். விட்டுட்டா எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாயிடும். அதுக்கப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது. கிருமி அது மேல குடித்தனம் பண்ணும், ஈறு வீங்கி இறங்கிடும், பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சிடும். இப்ப சுத்தம் பண்ணிட்டா நாலையும் காப்பாத்திடலாம்.”

எழுத்தர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கிடங்குப் பிரிவு நண்பர் ஞாபகத்துக்கு வந்தார். மாசு மறுவற்ற முகம்தான் நாகரிகம் என்று யாரோ சொல்லக் கேட்டு, பதிவேட்டில் ஏறியிருந்த மூக்கு மச்சத்தை லேசர் வைத்து எடுத்துக்கொண்டவர் அவர். தான் தான்தான் என்று நிரூபிக்கப் பதினான்கு மாதம் அலைந்தார். கல்யாணப் படத்தைக் காட்டியும் செல்லவில்லை. அதில் மச்சம் இருந்தது.

“ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு வந்துடறேன் டாக்டர்.”

“வாய் மட்டும்தான் டாக்டர் இவருது,” என்றாள் மனைவி. “பல்லெல்லாம் ஆபீஸோடது.”

நிர்வாக அதிகாரி மனுவை இரண்டு முறை படித்தார். காரை எப்போது வளர்ந்தது என்று கேட்டார். சர்வீஸ் முழுக்க வளர்ந்தது என்றார் எழுத்தர்.

“அப்ப தினம் எட்டு மணி நேரம் ஆபீஸ் நேரத்துல வளர்ந்திருக்கு. மூணுல ஒரு பங்கு அலுவலகச் சொத்து. எந்தப் பங்குன்னு தெரியாம எப்படிய்யா சுரண்ட விடறது?”

எழுத்தருக்கே அது நியாயமாகப் பட்டது.

மூவர் குழு அமைக்கப்பட்டது. டார்ச் விளக்கு, அளவுகோல் சகிதம் அவர்கள் எழுத்தரின் வாய்க்குள் கள ஆய்வு செய்தார்கள். எப்படித் திறக்க வேண்டும் என்று குழுத்தலைவர் ‘ஆ’ காட்டியபோது, தன்னுடையதைவிட இரண்டு மடங்கு கட்டுமானம் உள்ளே இருப்பதை எழுத்தர் பார்த்தார். மேலதிகாரிக்குப் பெரிதாக இருப்பதுதானே முறை என்று எண்ணிக்கொண்டு தன் வாயைத் திறந்தார்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது: ‘காரை நல்ல நிலையில் உள்ளது. பற்கள்தாம் உறுதியாக இல்லை. எனவே காரையின் பாதுகாப்பை முன்னிட்டு, ஊழியர் மெல்லுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்.’

எழுத்தர் பயந்துபோனார். காலையில் எழுந்ததும் நுனிநாக்கால் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார். வறுத்த கடலையைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார். மறுபடியும் மனு எழுதினார். அது குழுவுக்கே போயிற்று.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு மேசையில் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார். காரை நான்கு பல்லையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்ததால் நான்கும் சேர்ந்தே கோப்பின் மேல் விழுந்தன. எழுத்தருக்கு அழுகை வந்துவிட்டது.

அதிகாரி பதிவேட்டோடு ஓடிவந்து சரிபார்த்தார். “அடையாளம் பத்திரமா இருக்கு. ஆனா உங்ககிட்ட இல்ல.”

“மச்சம் இருக்குங்களே ஐயா.”

“மச்சம் ஊருல எல்லாருக்கும் இருக்கும். காரை இவர்கிட்டதான் இருக்கு,” என்று பற்களைக் காட்டினார். “நீங்க யாருன்னு வெளியிலேருந்து மனு போடுங்க. பரிசீலிப்போம்.”

பற்கள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எழுத்தரின் நாற்காலியில் அமர்த்தப்பட்டன. வருகைப் பதிவேட்டில் அன்றைய வருகையும் குறிக்கப்பட்டது.

அடுத்த வாரம் எழுத்தர் பொதுமக்கள் வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றார். முன்னால் குடையோடு நின்றவர் திரும்பி, “புது ஆளு பரவாயில்லீங்க,” என்றார். “பழையவரும் வாயைத் திறந்து பதில் சொன்னதில்ல. ஆனா அடிக்கடி எழுந்து டீ குடிக்கப் போயிடுவாரு. இவரு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையறதே இல்ல.”

எழுத்தர் ஏதோ சொல்ல நினைத்தார். பல் இருந்த இடத்தில் காற்றுதான் வந்தது.

தன் மனுவைத் தன் மேசையில், தன் பற்களுக்கு முன்னால் வைத்தார். அங்கே மனுக்கள் ஒரு முழ உயரத்துக்குக் கிடந்தன. கை சும்மா இராமல் அடியிலிருந்த ஒன்றை உருவப் பார்த்தார். பசையும் தூசியும் டீக்கறையும் சேர்ந்து இறுகியிருந்தது, அசைந்து கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பதில் எப்போது வரும் என்று மனைவி கேட்டாள்.

“எந்த மேசைன்னு கேளு முதல்ல,” என்றார் எழுத்தர்.

“எந்த மேசை?”

“என்னோட மேசை.”

மனைவி அவர் தட்டில் இருந்ததை நன்றாகக் குழைத்து வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய்த் தன் வாயைத் திறந்து பார்த்தாள்.