மயக்க டாக்டரின் மூக்கு

"கேஸ் வேண்டாம்மா," என்றார் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்த பெரிய மயக்க டாக்டர்.

இருபத்திரண்டு வருடம் அந்த மேஜையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இன்றுதான் முதல்முறையாக அதன்மேல் கிடந்தார். மூக்குக்குள் சதை வளர்ந்து, சீழ் கண்ணை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இன்றே கேமரா விட்டுச் சுரண்டி எடுக்காவிட்டால் பார்வைக்கு உத்தரவாதமில்லை. தூங்கவைக்க இருந்ததோ, வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான ஜூனியர் மட்டும்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்த ஊழியர் மூலையில் நின்றார்.

மயக்க வாயுவான கேஸைக் கொடுத்தால் ரத்தக் குழாய் விரியும், கேமராவில் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும், காகிதம் போன்ற எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை என்று பெரியவர் ஜூனியருக்குப் பாடம் எடுத்தார். பாடம் முடிவதற்குள் மானிட்டரில் அவருடைய பிரஷர் நூற்றைம்பதைத் தொட்டது.

"அப்ப நரம்பு வழியா புரபோஃபால் போயிடலாம் சார்," என்று பால் நிற மருந்தைக் காட்டினாள் ஜூனியர்.

அதைப் பற்றி நாற்பது நிமிடம் மேடையில் பேசிக் கேடயம் வாங்கியவர் அவர். ஆனால், துணிக்கடியில் ஊசி நழுவி மருந்தெல்லாம் மெத்தைக்குப் போய்விட்டால்? தசையைத் தளர்த்த ஏற்கெனவே போட்ட மருந்தால் உடம்பு அசையாது, காது மட்டும் கேட்கும். பிரஷர் நூற்று அறுபத்தைந்து.

இதயத் துடிப்பைத் தணிக்க ரெமிஃபென்டனில் என்ற வலிமருந்தும் சேர்க்கலாம் என்றாள். எதுவரை தணிக்கும், நிற்கும்வரையா என்று பெரியவர் யோசித்தார். நூற்று எண்பது.

மூக்கு டாக்டர் கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "ஊரையே தூங்க வச்சவன், உனக்கென்னய்யா? பிரஷர் இறங்கலைன்னா நான் தொட மாட்டேன்."

மரத்துப்போக ஊசி போட்டால் போதும், விழித்தே இருக்கிறேன் என்று பெரியவர் இறங்கி வந்தார். அப்படியானால் எலும்பு நொறுங்குவதும் தெளிவாகக் கேட்கும் என்று மூக்கு டாக்டர் ஆறுதல் சொன்னார். மானிட்டர் கத்தத் தொடங்கியது.

"எந்த மருந்துக்குத்தான் சார் பயப்படுறீங்க?" என்றாள் ஜூனியர்.

பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எதை வேணா குடும்மா. நான் எழுந்திரிக்கிற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு மட்டும் அசையாதே."

"பக்கத்துலயே இருப்பேன், கண்ணைக்கூட இமைக்க மாட்டேன்னு நீங்க பேஷண்ட்டுங்ககிட்ட சொல்வீங்களே, முதல் நாளே நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன் சார். அப்படியே உங்களை மாதிரியே பார்த்துக்கிறேன்."

நூற்றுத் தொண்ணூற்றைந்து.

ஸ்ட்ரெச்சர் ஊழியர் மெல்ல வந்து, போர்வையை இழுத்துவிட்டு, பெரியவரின் காதருகே குனிந்தார்.

"டாக்டரம்மா எழுந்து போனாலும் கவலைப்படாதீங்க சார். நீங்க போன் பேச வெளியே போறப்பல்லாம், இத்தனை வருஷமா அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டது நான்தானே."