சிட்டுவும் பத்துக் கோரிக்கைகளும்

வல்லிநாயகம் தன் வாழ்நாளின் கடைசிப் போராட்டத்தை மனைவிக்கு எதிராக நடத்துவதென்று முடிவெடுத்தார். எதிரியாக இருக்க வேறு யாரும் முன்வரவில்லை.

எழுபத்திரண்டு வயது. பதினோரு முறை பாளையங்கோட்டைச் சிறை. பஸ் கட்டணம், குளத்துத் தண்ணீர், பீடிக் கூலி என்று தென்காசி வட்டாரத்தில் அவர் கொடி பிடிக்காத பிரச்சினை இல்லை. அவர் வளர்த்துவிட்ட பையன்கள் இப்போது காரில் போகிறார்கள், கண்ணாடியை இறக்குவதில்லை. ஒன்பது வருஷமாக ஒரு கூட்டத்துக்கும் அழைப்பு கிடையாது. ஆனாலும் குளிக்கப் போகும்போதுகூட செல்போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோவார். யாராவது கூப்பிட்டுவிட்டால்?

அப்படி இருக்கையில்தான் காலையில் நடக்கப் போன இலத்தூர்க் குளக்கரையில் சிட்டுவைப் பார்த்தார். வெள்ளைக் குதிரை. இருபத்திரண்டு வயது. குற்றாலம் சீசனுக்குச் சீசன் பிள்ளைகளைச் சுமந்த முதுகு நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கியது. முட்டி மடங்காத குதிரைமேல் எந்தப் பிள்ளையும் ஏறுவதில்லை, தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை, வெள்ளிக்கிழமை புளியரை ரோட்டில் அவிழ்த்துவிடப் போகிறேன் என்று அதன் சொந்தக்காரி நூர்நிஷா கண்ணைத் துடைத்தாள்.

வல்லிநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார். உழைப்பை உறிஞ்சிவிட்டு ரோட்டில் தள்ளும் கொடுமையைப் பற்றி அங்கேயே கால்மணி நேரம் பேசினார். சிட்டு அசையாமல் கேட்டது. அவர் பேச்சை ஒரு ஜீவன் முழுசாக நின்று கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

சிக்கல் ஒன்றுதான். குதிரையை நிறுத்த இருந்த ஒரே இடமான தென்னந்தோப்பு, மனைவி முத்துவடிவுக்கு அவள் அப்பா கொடுத்தது.

பழைய தொழிற்சங்க முறைப்படி பத்துக் கோரிக்கை எழுதினார். பத்து கேட்டால் ஒன்று கிடைக்கும். அவருக்கு வேண்டியதும் அந்த ஒன்றுதான்: சிட்டு தன் கடைசி நாள்வரை தோப்பில் நிற்க வேண்டும். தகரக் கொட்டகை, தினம் கொள்ளு, ‘ஓய்வுபெற்ற குதிரைகள் இல்லம்’ என்று ஒரு போர்டு, இதெல்லாம் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுப்பதற்கு. பத்தாவதாக, எதிர்த்தரப்பின் வாயை அடைக்க ஒரு வாக்குறுதி: பராமரிப்பு முழுவதும் வல்லிநாயகத்தின் சொந்தப் பொறுப்பு, ஒருநாள்கூடப் பிறரிடம் ஒப்படைக்கப்படாது. ஏற்காவிட்டால் காலவரையற்ற உண்ணாவிரதம். அதை உத்தேசித்து, ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மனுவை நீட்டினார்.

முத்துவடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். குக்கர் இரண்டு விசில் அடிப்பதற்குள் பத்தையும் ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நாற்பது வருஷத்தில் எந்த அரசாங்கமும் அவரை இப்படி அவமானப்படுத்தியதில்லை. தயாரித்து வைத்திருந்த வாதங்களையெல்லாம் தோப்புக்கு வந்து சேர்ந்த சிட்டுவிடம் பேசித் தீர்த்தார்.

பன்னிரண்டாம் நாள் போன் அடித்தது. மதுரையில் மறியல், அண்ணாச்சிதான் தலைமை தாங்கணும் என்றது ஒரு குரல். போனை வைத்த கையோடு இரண்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்தார்.

“எங்க போறீய?” என்றாள் முத்துவடிவு.

“மதுரைக்கு. தலைமை தாங்கக் கூப்பிடுதான். ரெண்டே நாளு.”

“குதிரைக்கு யாரு புல்லு போடுவா?”

“நீ போட மாட்டியாட்டி?”

“போடுவேன். பத்தாவது கோரிக்கை விடமாட்டேங்குதே. நீங்க எழுதுனதுதான?”

போட்ட ஒப்பந்தத்தை மீறுகிற ஆள் இல்லை அவர். மீறியவர்களைத்தான் நாற்பது வருஷம் மேடையில் கிழித்திருக்கிறார். பழைய சொந்தக்காரி ‘பிறர்’ ஆகமாட்டாள் என்று ஒரு சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்து நூர்நிஷாவை அழைத்தார். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“முடியாது அண்ணாச்சி. நீங்க வெளியூருக்குப் போணும்னு கேட்டா மாட்டேன்னு சொல்லணும்னு குதிரயத் தோப்புல விட்ட அன்னைக்கே அக்கா சொல்லிட்டாவ. சிட்டுவ நீங்க நடக்குற குளக்கரையில கொண்டு கட்டச் சொன்னதே அக்காதான?”

வல்லிநாயகம் தோப்புக்கு நடந்தார். முத்துவடிவு சிட்டுவின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள். அவள் தலையும் குதிரையின் நிறத்துக்கு வந்துவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“எல்லாம் ஒன் வேலையா?”

“பதினோரு தடவ ஜெயிலுக்குப் போனீய. ஒவ்வொரு தடவையும் ரெண்டே நாளுன்னுதான் சொன்னீய.” அவள் குரலில் கோபம் இல்லை. பிடரியைக் கோதிய கையும் நிற்கவில்லை. “சோத்த மூடி வச்சிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப ஒம்பது வருசமா வீட்லதான் இருக்கீய, அந்தப் போனப் பாத்துக்கிட்டு. எம் மூஞ்சிய என்னைக்குப் பாத்தீய?”

அவர் பையைத் தென்னைமரத்தடியில் வைத்தார். போன் மறுபடி அடித்தது, அடித்து ஓய்ந்தது. தோற்ற கட்சியும் மானத்துக்காக ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“குதிரையக் கட்டாம விட்டிருக்க. கயிறு எங்க?”

“அதுக்கு வயசாயிட்டு, எங்கயும் போகாது,” என்று புல்லறுக்கிற அரிவாளை அவர் கையில் கொடுத்தாள் முத்துவடிவு. “கயிறு ஒங்களுக்குத்தான் வேண்டியிருந்துது.”